புல்லைக் கருக்கியது ஷேரு அல்ல

ஷேரு அந்தப் புல்தரையில் ஒரு சொட்டுச் சிறுநீர்கூடக் கழித்ததில்லை. புல்லைக் கருக்கியவன் நான். பழியைத் தூக்கி ஒரு நாயின் தலையில் கட்டியவனும் நானே!

அப்பாடா... சொல்லிவிட்டேன். ஒரு நாய்க்குப் போய் இத்தனை பீடிகையா என்று நீங்கள் சிரிப்பது எனக்குத் தெரிகிறது. தாராளமாகச் சிரியுங்கள். கொலை, கொள்ளை என்று எதையாவது எதிர்பார்த்து வந்திருந்தால் உங்களுக்கு ஏமாற்றம்தான். ஆனால் முழுவதையும் கேட்டுவிட்டு, நான் எப்பேர்ப்பட்ட அயோக்கியன் என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

முதலில் என்னைப் பற்றி. பெயர் வெங்கட். கோயம்புத்தூரில் மண்ணியல் படித்துவிட்டுத் தொண்ணூறுகளின் நடுவில் புனே வந்து சேர்ந்தேன். பூச்சிமருந்தும் களைக்கொல்லியும் தயாரிக்கும் ஒரு கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் வேலை. நிலத்தில் அடித்த மருந்து அதன்பின் என்ன ஆகிறது, எங்கே போகிறது என்று துப்புத் துலக்குவதே என் பணி.

நீங்கள் என்றாவது இதை யோசித்திருக்கிறீர்களா? புல்லின் மேல் மருந்தை அடிக்கிறோம். அப்புறம்? கொஞ்சம் வெயிலில் சிதைகிறது. கொஞ்சத்தைப் புல் குடிக்கிறது. கொஞ்சம், புல்லடியில் காய்ந்த தாளும் வேரும் பின்னிக் கிடக்கும் மெத்தையில் சிக்கிக்கொள்கிறது. மிச்சத்தை மண்ணிலிருக்கும் நுண்ணுயிர்கள் தின்கின்றன. அவை தின்னாததைக் களிமண் இறுகப் பிடித்துக்கொள்கிறது. களிமண்ணும் கைவிட்டதைத் தண்ணீர் கீழே இழுத்துப் போகிறது.

ஆய்வுக்கூடத்தில் இதைக் குழாய்களில் செய்து பார்ப்போம். கரிசல் மண்ணை உலர்த்தி, இடித்து, சலித்து, ரவை மாதிரி ஆக்கிக் கண்ணாடிக் குழாயில் நிரப்புவோம். மேலே மருந்து. அதன்மேல் மழை போலத் தண்ணீர். சில நாள் கழித்து மண்ணைத் துண்டு போட்டு, எந்த ஆழத்தில் எவ்வளவு மருந்து என்று பார்ப்போம். அந்த வருடம் என் குழாயில் இருந்தது, பெயர்கூட வைக்கப்படாத ஒரு சோதனைக் களைக்கொல்லி. இரண்டு அங்குலத்துக்குக் கீழே அது இறங்கவே இல்லை! ‘மேல்மண்ணிலேயே நின்று, அங்கேயே மடிந்துவிடும்’ என்று மீட்டிங்கில் மார்தட்டிச் சொன்னேன். எனக்கு அப்போது தலை கொஞ்சம் கனத்திருந்தது.

நாங்கள் குடியிருந்த சொசைட்டியிலும் அதே கனம்தான். புனேயின் ஔந்துக்குப் பக்கத்தில், நடுவில் புல்தரையும் சுற்றிலும் நான்கு கட்டடங்களுமாக இருந்த சிறிய குடியிருப்பு அது. என்னை அங்கே ‘சயின்டிஸ்ட் சாஹேப்’ என்றார்கள். சேர்மன் தேஷ்பாண்டே புல்தரையின் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தபோது, மந்திரி பதவி கிடைத்தவன் மாதிரி இரண்டு நாள் நிமிர்ந்து நடந்தேன்.

அந்தப் புல்லில் கோரை முளைத்தது. பிடுங்கப் பிடுங்க, கிழங்கிலிருந்து மறுபடி முளைத்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ‘சயின்டிஸ்ட் இருந்துமா...?’ என்று ஒருவரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. ஆனால் எனக்குக் கேட்டது!

அதனால் செய்தேன். ஆய்வுக்கூடத்திலிருந்து அந்தச் சோதனை மருந்தில் ஒரு சிறு பாட்டிலை என் சாப்பாட்டுப் பையில் வைத்துக் கொண்டுவந்தேன். தெரிந்தால் வேலை போகும். வேலை போனால் கம்பெனி கொடுத்த வீட்டுக்கடன், கைக்குழந்தை, எல்லாம் அந்தரத்தில். இருந்தும் எடுத்தேன். கோரை சாக வேண்டும். என் குழாய் சொன்னது நிஜமான தரையிலும் உண்மை என்று எனக்கு நானே நிரூபிக்க வேண்டும். ஆணவம் என்று ஒரே சொல்லில் சொல்லிவிடலாம்.

புனேயில் மதியம் சாப்பிட்டதும் ஊரே படுத்துவிடும். கடை அடைத்திருக்கும், தொலைபேசி அடித்தாலும் எடுக்க மாட்டார்கள். ஜூன் தொடக்கத்தில், மழைக்கு முந்தைய ஒரு ஞாயிறு மதியம், அந்தத் தூக்கத்தை நம்பித்தான் ஸ்பிரேயரோடு இறங்கினேன். அடித்தேன். ஆனால் நான்கு எட்டு வைத்ததும் யாராவது ஜன்னலில் நிற்கிறார்களா என்று பயம். நின்று அண்ணாந்து பார்ப்பேன். மறுபடி நான்கு எட்டு. மறுபடி நின்று பார்ப்பேன்.

ஸ்பிரேயரின் முனை ஒழுகியது என்று எனக்கு அப்போது தெரியாது. நான் பயந்து நின்ற ஒவ்வொரு இடத்திலும் மருந்து சொட்டுச் சொட்டாக வடிந்து, வட்டமாக ஊறியிருக்கிறது!

‘மருந்து அடித்திருக்கிறது, புல்லைத் தொடாதீர்கள்’ என்று ஓர் அட்டை எழுதி நட்டிருக்க வேண்டும். என் துறையில் முதல் பாடமே அதுதான். நட்டால் ‘என்ன மருந்து?’ என்று கேட்பார்கள். நடவில்லை.

அடுத்த வாரம் என் மாமனார் கோவையிலிருந்து வந்து இறங்கினார். பேரனைப் பார்க்க வந்தவர். ஓய்வுபெற்ற கூட்டுறவு சங்க அதிகாரி. இந்தி ஒரு வார்த்தை தெரியாது. ஆனாலும் மூன்றே நாளில் சொசைட்டியின் காலை நடைக் கூட்டத்துக்குத் தலைவராகிவிட்டார். எப்படி என்று எனக்குப் புரியவில்லை. சைகையிலேயே சிநேகம் பிடித்துவிட்டார் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

வந்து சில நாள் கழித்து, காலையில் எழுந்து கூடத்துக்கு வருகிறேன். கையில் ஒரு டம்ளரோடு உட்கார்ந்திருந்தார். உள்ளே பச்சையாக ஒன்று.

“என்ன மாமா இது?”

“அருகம்புல் சாறுங்க மாப்ளே. வெறும் வயித்துல குடிச்சா ரத்தம் சுத்தமாவுமுங்க. நீங்களும் ஒரு டம்ளர் குடிங்க.”

“அருகம்புல்லுக்கு இங்க எங்க போனீங்க?”

அவர் ஜன்னலைக் காட்டினார். “அதுதான் கீழ மெத்தையாட்டம் வளந்து கெடக்குதுங்களே!”

எங்கள் புல்தரை முழுக்க அருகம்புல்தான்... அதை நான் மறந்தே போயிருந்தேன்! ஆய்வுக்கூடத்தில் அது வெறும் ‘புல்’. அதை ஒரு மனிதன் பறித்து, அலசி, மிக்ஸியில் அடித்து, மிளகு போட்டுக் குடிப்பான் என்று எந்தக் குழாயும் எனக்குச் சொல்லித்தரவில்லை. எங்கள் துறையின் அகராதியில் புல்தரைக்கு ‘பயன்பாடு: பார்வைக்கு மட்டும்’ என்றுதான் இருக்கும். எங்கள் ஊர்க்காரருக்கு மட்டும் அது காலைப் பானம்!

இன்னும் கேளுங்கள். நடைக் கூட்டத்தின் சிநேகத்துக்குக் காரணமும் இதுதான். தேஷ்பாண்டே உட்பட அத்தனை பெரியவர்களுக்கும் அவர் ஃபிளாஸ்க்கில் கொண்டுபோய் ஊற்றிக்கொண்டிருந்தார். ‘தூர்வா ரஸ்’ என்று அவர்கள் பக்தியோடு வாங்கிக் குடித்தார்கள். மராட்டியர்களுக்கு அருகம்புல் என்றால் கணபதியின் தூர்வா அல்லவா! சதுர்த்தி வந்தால் சொசைட்டி கணபதிக்கும் இங்கேதான் பறிப்பார்கள். ஆக, மாமனார், சேர்மன், விநாயகர்... மூவரையும் ஒரே பாட்டிலில் முடித்துவிட்டேனா?

“மாமா, தலை கிலை சுத்துதா?” என்று கேட்டேன்.

“உங்களுக்குப் புள்ளையக் கட்டிக் குடுத்ததுல இருந்தே சுத்துதுங்க” என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்.

உடனே அந்த நிமிடமே உண்மையைச் சொல்லியிருக்கலாம் இல்லையா? ‘குடிக்காதீர்கள், மருந்து அடித்திருக்கிறேன்’... எத்தனை சின்ன வாக்கியம்! அதற்குள் என் மனம் கணக்குப் போட்டது. சொன்னால் என்ன மருந்து என்பார்கள். பாட்டில் வெளியே வரும். கம்பெனிக்குப் போகும். வேலை போகும். மாமனாருக்குக் களைக்கொல்லி கொடுத்த மருமகன் என்று கோவை வரைக்கும் பேர் போகும். வாயை மூடிக்கொண்டு கீழே ஓடினேன். ஃபிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு மாமனாரும் பின்னாலேயே வந்தார்.

கீழே எனக்கு முன்பே எல்லோரும் கூடியிருந்தார்கள். புல்தரையில் வட்ட வட்டமாக மஞ்சள் பூத்திருந்தது. பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. கேட்டருகே ஒன்று, ஊஞ்சலருகே ஒன்று, தேஷ்பாண்டேயின் ஜன்னலுக்கு நேரே ஒன்று... நான் பயந்து நின்ற இடங்களெல்லாம் வரைபடம் போல என் கண்முன் கிடந்தன.

“சயின்டிஸ்ட் சாஹேப், யே க்யா ஹோ கயா?” இது என்ன ஆயிற்று என்று கேட்டார் தேஷ்பாண்டே. ஒரு கையில் ஃபிளாஸ்க் மூடி. அதில் என் மாமனார் ஊற்றிய பச்சைச் சாறு. வாய்க்குக் கொண்டுபோகிறார்...

அந்தச் சமயம் பார்த்து, சிமெண்டுப் பாதையில் ஷேரு வந்துகொண்டிருந்தது.

ஷேரு என்றால் சிங்கம் என்று அர்த்தம். நிஜத்தில் அது பூனையைக் கண்டால் படியேறிவிடும் பழுப்பு நிறத்துக் கிழட்டு நாய். சாவந்த் மாவ்ஷியின் பிள்ளை. மாவ்ஷி என்றால் சித்தி; சொசைட்டிக்கே அவர் மாவ்ஷி. ஓய்வுபெற்ற நர்ஸ். கணவர் இல்லை, குழந்தை இல்லை. தரைத்தள வீட்டில் அவரும் ஷேருவும் மட்டும். என் மனைவி நிர்மலாவுக்கு வலி கண்ட அன்று நான் ஆய்வுக்கூடத்தில் குழாய்க்கு மழை ஊற்றிக்கொண்டிருந்தேன். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்து, என் மகனை முதலில் கையில் வாங்கியவர் மாவ்ஷிதான். தயவுசெய்து இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

“குத்தா” என்றேன். நாய்.

ஒரே சொல்! நான் யோசித்துச் சொல்லவில்லை. ஆனால் சொன்ன மறுகணம், அது எத்தனை கச்சிதமான பொய் என்று எனக்கே மலைப்பாக இருந்தது. மஞ்சளுக்கும் காரணம் கிடைத்தது. இனி ஒருவனும் இந்தப் புல்லைப் பறிக்கவும் மாட்டான்!

தேஷ்பாண்டே வாயருகே இருந்த மூடியைப் பார்த்தார். புல்லைப் பார்த்தார். ஷேருவைப் பார்த்தார். பிறகு சாறு ஒரு பக்கம், மூடி ஒரு பக்கம் பறந்தன.

நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தாமல் விளக்கம் வேறு கொடுத்தேன்! நாயின் சிறுநீரில் யூரியா அதிகம், ஓரிடத்தில் குவிந்தால் புல் கருகும், வட்டம் வட்டமாகத்தான் கருகும் என்று குச்சியால் தரையில் படம் போட்டுக் காட்டினேன். அத்தனையும் உண்மை. பாடப்புத்தகத்தில் உள்ளது. உண்மைகளை மட்டுமே அடுக்கி ஒரு பொய்யைக் கட்ட முடியும் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

சைகையிலேயே விஷயத்தைப் புரிந்துகொண்ட மாமனார் வீட்டுக்கு வந்து பல் துலக்கினார். மறுபடி துலக்கினார். உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளித்தார், பின்பக்க பால்கனியில் நின்று ஓங்கரித்தார். நிர்மலா பயந்துபோய் அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். “இத்தன நாளா நாய் மூத்தரத்தையா ரத்தசுத்தின்னு குடிச்சேன்!” என்று அவர் புலம்பியது மூன்று மாடிக்கும் கேட்டது. எனக்கோ உள்ளுக்குள் நிம்மதி. ஓங்கரிக்கட்டும், மருந்தும் சேர்ந்து வரட்டும்!

அன்றிரவு நிர்மலா குழந்தைக்குப் பால் கலந்துகொண்டே கேட்டாள். “ஏங்க, அந்த நாய் தெனமும் நம்ம ஸ்கூட்டர் சக்கரத்துலதானே போகும்? புல்லுல காலே வைக்காதே!”

அங்கேதான் சிக்கல். ஷேருவுக்குப் புல் என்றால் பயம். நுனி பாதத்தில் பட்டாலே கூசித் துள்ளிச் சிமெண்டுக்கு ஓடிவிடும். தினமும் காலையில் அது தேடி வருவது என் ஸ்கூட்டரின் பின்சக்கரத்தை. தினமும் வாளித் தண்ணீரோடு கழுவுகிறவன் நான். ஷேரு குற்றமற்றது என்பதற்கு முதல் சாட்சியே நான்தான்!

“ரெண்டு எடத்துலயும் போகும்” என்றேன்.

“அவ்வளவு தண்ணி அது எங்க குடிக்குது?” என்றாள். தூக்கம் வருகிறது என்றேன்.

மறுநாள் புல்லில் ஒரு பிடியைக் கத்தரித்து ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோய் ரகசியமாகச் சோதித்தேன். இலையில் மருந்து ஏறக்குறைய இல்லை! மஞ்சள் வட்டங்களில் கொஞ்சம். மற்ற இடங்களில், கருவி திணறித் திணறிக் காட்டிய ஏதோ ஒரு துளி. வெயிலும் முதல் மழையும் இலைமேல் இருந்ததைக் கழுவித் தீர்த்திருந்தன. மாமனார் நல்ல பச்சைப் புல்லாகப் பார்த்துத்தான் பறித்திருப்பார். அவருக்கும் ஒன்றும் ஆகாது, தேஷ்பாண்டேக்கும் ஒன்றும் ஆகாது, கணபதிக்கும் ஒன்றும் ஆகாது.

அதாவது... அந்தப் பொய் தேவையே இருந்திருக்கவில்லை. ஒரே ஒரு நாள் பொறுத்திருந்தால் போதும். இதைத் தெரிந்துகொண்ட கணத்தில் எனக்கு வந்தது மகிழ்ச்சியா வெட்கமா என்று இன்றுவரை விளங்கவில்லை. அப்போதாவது போய்ச் சொன்னேனா? இல்லை! அதற்குள் சொசைட்டியில் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள்: நாய் விவகாரம், ஞாயிறு, பொதுக்கூட்டம்.

மாமனார் ஊர் திரும்ப எடுத்திருந்த ரயில் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டார். கூட்டத்துக்கு இருந்துதான் போவேன் என்றார். சொசைட்டியில் அவர் உறுப்பினரே இல்லை. ஆனால் சாறு குடித்தவர் என்ற முறையில் முன்வரிசையில் நாற்காலி போட்டார்கள். அவர் தமிழில் முழங்கினார். மொழிபெயர்க்க வேண்டியவன்... நான்தான்.

“அந்த நாயை இந்தக் காம்பவுண்டை உட்டே தொரத்தோணும்னு சொல்லுங்க மாப்ளே!”

“அவருக்கு மன வருத்தம் என்கிறார்” என்றேன் இந்தியில்.

“இத்தாப்பெரிய பேச்சுக்கு அவ்வளவுதானுங்களா வந்துச்சு?” என்று என்னை முறைத்தார்.

பிறகு மாவ்ஷி எழுந்தார். நூல் புடவை, கையில் ஷேருவின் சங்கிலி. அது அவர் காலடியில் படுத்துக் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தது. தன்னைத்தான் விசாரிக்கிறார்கள் என்ற நினைப்பே அதற்கு இல்லை.

“ஷேரு புல்லில் கால் வைக்காது. அதற்குப் பயம். உங்களுக்கெல்லாம் தெரியும்” என்றார் மராத்தியில். மாவ்ஷி சுற்றிலும் பார்த்துவிட்டுக் கடைசியில் என் பக்கம் திரும்பினார். “வெங்கட், பாளா... நீ படித்தவன். தினமும் பார்க்கிறவன். நீ சொல்லு. நீ சொன்னால் நான் ஒத்துக்கொள்கிறேன்.”

பாளா என்றால் குழந்தாய் என்று அர்த்தம்.

அந்த நொடி இருக்கிறதே... அதைத்தான் நான் உங்களிடம் சொல்ல வந்தேன். மற்றதெல்லாம் பயத்தில், பதற்றத்தில் வாயிலிருந்து விழுந்தவை. மன்னிக்கலாம், மன்னிக்காமலும் போகலாம். ஆனால் இங்கே எனக்கு நேரம் இருந்தது. நன்றாக யோசித்தேன். என் வேலையை நினைத்தேன். கடனை நினைத்தேன். நாய்தானே என்றும் நினைத்தேன். எல்லாவற்றையும் நிறுத்துப் பார்த்துவிட்டு, தெளிவான குரலில், “அறிவியல்படி பார்த்தால் இது நாயின் வேலைதான், மாவ்ஷி” என்றேன்.

மாவ்ஷி தலையசைத்தார். “பரா” என்றார். சரி என்று அர்த்தம். ஷேருவைக் குனிந்து பார்த்தார். ‘நீயா?’ என்று கேட்பது போல இருந்தது அந்தப் பார்வை.

நாயை வெளியேற்றுவது என்று தீர்மானம் போட்டார்கள். நாய் இல்லாத வீட்டில் எனக்கென்ன வேலை என்று மாவ்ஷியும் கிளம்பிவிட்டார். புனேயிலேயே போபோடி என்ற இடத்தில் அவர் தம்பி வீடு. நெருக்கமான சந்தில் ஒற்றை அறை. டெம்போவில் டிரங்குப் பெட்டி ஏற்றியது யார் என்று நினைக்கிறீர்கள்? நான்தான்! விழுந்து விழுந்து உதவி செய்தேன். ஏறும் முன் மாவ்ஷி என் தலையைத் தொட்டு, “எல்லோரும் கத்தினார்கள். நீ ஒருவன்தான் கத்தாமல் உண்மையைச் சொன்னாய்” என்றார்.

டெம்போ திரும்பும்வரை ஷேரு என்னைப் பார்த்து வாலாட்டிக்கொண்டிருந்தது.

கதை இங்கேயே முடிந்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் தன்மானம் மிஞ்சியிருக்கும். முடியவில்லை. ஷேரு போய் மூன்று வாரம் கழித்து, நல்ல மழைக்குப் பிறகு, புல்தரையின் தாழ்வான மூலையில் புதிதாக மஞ்சள் கிளம்பியது! இந்த முறை வட்டமாக அல்ல; கோணல் கோணலான கோடுகளாக.

தேஷ்பாண்டே என்னைக் கூட்டிப்போய்க் காட்டினார். “நாய் போய்விட்டதே, இது எப்படி?”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “நாய் போனாலும் எச்சம் போகாது, சாஹேப். மண்ணில் அதற்கு ஓர் அரையாயுள் உண்டு. முதலில் பாதி அழியும், பிறகு மிச்சத்தில் பாதி அழியும். அழியாதது மழைத் தண்ணீரோடு சரிவு பார்த்து நகரும்.” என் மருந்தின் மொத்த ஜாதகத்தையும் ஷேருவின் சிறுநீருக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன்! அவர் ஆச்சரியப்பட்டுத் தலையாட்டினார். அடுத்த கூட்டத்தில் எனக்கு நன்றி தெரிவித்துத் தீர்மானம் போட்டார்கள்.

எனக்கோ உள்ளே வேறு உதறல். மருந்து எப்படி அங்கே போயிற்று? இரண்டு அங்குலத்துக்குக் கீழே இறங்காது என்று மார்தட்டியவன் அல்லவா! மறுபடி ஒரு மதியத் தூக்கம் பார்த்து, அந்த மூலையில் தோண்டினேன். ஓரடி தோண்டியதும் விடை கிடைத்தது. வெடிப்பு.

கரிசல் மண் கோடையில் வாய் பிளக்கும். எங்கள் ஊர்ப் பருத்திக்காட்டிலும் பிளக்கும். சின்ன வயதில் அதில் காலை விட்டு விளையாடியிருக்கிறேன். அந்த வருடத் தண்ணீர்ப் பஞ்சத்தில் புல்லுக்கடியிலும் பிளந்திருக்கிறது. முதல் மழை, மண்ணில் ஊறி ஊறி இறங்கவில்லை. மருந்தை அள்ளிக்கொண்டு வெடிப்பு வழியாக நேரே கீழே ஓடி, சரிவின் கடைசியில் வெளியே வந்திருக்கிறது. களிமண் பிடிக்கவும் நேரமில்லை, நுண்ணுயிர் தின்னவும் நேரமில்லை. நான் குழாயில் நிரப்பியது சலித்த மண். சலித்த மண்ணில் வெடிப்பு ஏது, மண்புழுத் துளை ஏது?

இந்தக் கண்டுபிடிப்பை வைத்து நான் என்ன செய்தேன் என்று சொன்னால் காறித் துப்புவீர்கள். எங்கே பார்த்தேன் என்று மூச்சுவிடாமல், ‘இனிமேல் சலித்த மண் வேண்டாம், நிலத்திலிருந்து மண்ணை வெடிப்போடு அப்படியே பெயர்த்தெடுத்துச் சோதிக்க வேண்டும்’ என்று ஆய்வுக்கூடத்தில் யோசனை சொன்னேன். சோதித்தார்கள். மருந்து கிடுகிடுவென்று கீழே இறங்கியது. அந்தக் களைக்கொல்லியையே கைவிட்டார்கள். எனக்குப் பாராட்டு! பதவி உயர்வு! என் வாழ்க்கையின் ஒரே பதவி உயர்வு, ஷேரு போட்ட பிச்சை.

வருடங்கள் ஓடின. ஊரெல்லாம் கணினிக் கம்பெனிகள் வந்தன. எங்கள் புல்தரையில் பாதியைக் கார் நிறுத்தச் சிமெண்டு போட்டு மூடினார்கள். மீதிப் பாதியில் கோரை ஆனந்தமாக வளர்ந்தது. என் மகன் பள்ளியில் மராத்தி, வீட்டில் அரைகுறைத் தமிழ் என்று வளர்ந்து நின்றான். ‘என்னை முதல்ல தூக்கின மாவ்ஷி எங்க இருக்காங்க?’ என்று அவன் ஒருநாள் கேட்டான். அம்மா சொல்லியிருக்கிறாள் போலிருக்கிறது.

அடுத்த ஞாயிறு போபோடிக்குக் கிளம்பினேன். சொல்லிவிடுவது என்று முடிவு. இந்தியில், மராத்தியில், என்னென்ன வார்த்தை என்று வழிநெடுக ஒத்திகை பார்த்தேன். வேலை போகாது இப்போது; கடனும் அடைந்துவிட்டது. இனி என்ன பயம்? சந்துக்குள் விசாரித்து விசாரித்துப் போனேன். கதவைத் திறந்தவர் ரொம்பவும் சிறுத்துப்போயிருந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்துவிட்டு, “வெங்கட்! பாளா!” என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

ஷேரு இல்லை. இங்கே வந்த ஒன்றிரண்டு வருடத்திலேயே போய்விட்டதாம். சுவரில் ஆணியில் சங்கிலி மட்டும் தொங்கியது.

நான் வாயைத் திறப்பதற்குள் மாவ்ஷி டீ வைத்துவிட்டார். டீயை என் கையில் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். “நீ வந்தது நல்லதாயிற்று. உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும் என்று எத்தனையோ வருடமாகக் காத்திருக்கிறேன்” என்றார்.

தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். ஒரு வகையில் நிம்மதியாகவும் இருந்தது... சொல்லுகிற வேலை மிச்சம்!

“முதலில் நான் நம்பவில்லை” என்றார். “அப்புறம் யோசித்தேன். வெங்கட் படித்தவன், பொய் சொல்வானா? எனக்குத் தெரியாமல் இது செய்திருக்கிறது. இங்கே வந்தபின் கட்டியே வைத்தேன். ஒருநாள் கோபத்தில் அடித்துவிட்டேன், ‘உன்னால்தானே வீடு போயிற்று’ என்று. பாவம், ஒன்றும் புரியாமல் பார்த்தது. கடைசி நாள் எழுந்திருக்கவே முடியவில்லை. அப்போது அதன் காதில் சொன்னேன், ‘உனக்காக நான் வெங்கட்டிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன், நீ நிம்மதியாகப் போ’ என்று. கேட்டது மாதிரிதான் இருந்தது. அப்புறம் போய்விட்டது.”

மாவ்ஷி இரண்டு கைகளையும் கூப்பினார். என்னைப் பார்த்து!

“நீ எவ்வளவு ஆசையாக வளர்த்த புல்... மன்னித்துவிடு பாளா. ஒரு வார்த்தை சொல்லிவிடு.”

நான் ஒத்திகை பார்த்த வாக்கியம் தொண்டைவரை வந்தது. வந்ததா? வந்தது என்றுதான் நினைக்கிறேன். இப்போது சொன்னால், இந்தக் கிழவி நிரபராதியை அடித்தோமே, கட்டி வைத்தோமே என்று நெஞ்சு வெடித்துப் போவார் என்று ஒரு குரல் சொன்னது. அது கருணையின் குரலா, என் பழைய பயத்தின் குரலா... நீங்களே சொல்லுங்கள். எனக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை.

“மன்னிச்சுட்டேன், மாவ்ஷி” என்றேன்.

ஆமாம். நான், ஷேருவை, மன்னித்தேன்!

அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் கோப்பையில் இன்னும் கொஞ்சம் டீ ஊற்றினார். குடித்தேன். இஞ்சி தட்டிப் போட்டிருந்தார், நன்றாகவே இருந்தது.

இப்போது உங்களிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பாரம் இறங்கியதா என்று கேட்பீர்கள். இல்லை. என் மாமனார் இன்றும் கோவையில் கல்லுக் குண்டு மாதிரி இருக்கிறார். கண் மங்கிவிட்டது, எதையும் வாசிப்பதில்லை. ‘நாய் மூத்தரம் கலந்ததையே குடிச்சுச் செரிச்சவன் நானுங்க’ என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமை பேசுகிறார். என் மகனுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டத்தான் தெரியும். நிர்மலாவோ, ஸ்கூட்டர் சக்கரத்தைப் பற்றிக் கேட்ட அன்றிரவே பாதியைப் புரிந்துகொண்டிருப்பாள். மாவ்ஷி இப்போதும் போபோடியில், அதே ஒற்றை அறையில் இருக்கிறார். தினமும் மராத்திப் பேப்பரை ஒரு வரி விடாமல் படிக்கிறார்.

அதனால்தான் இதைத் தமிழில் எழுதுகிறேன்.